68 வயசுல கிட்னி மாத்தலாமா, டயாலிசிஸே போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயசு. அஞ்சு மாசமா கழுத்து டியூப் வழியா வாரம் மூணு தடவ டயாலிசிஸ். அம்மா (61) கிட்னி தர்றேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. ஆபரேஷன்ல ரெண்டு பேரையும் இழந்துடுவோமோன்னு பயமா இருக்கு. கிரியேட்டினின் (ரத்தத்துல சேர்ற கழிவோட அளவு) 7க்கு கீழ வரல, நெட்ல பாத்து மூலிகைப் பொடி குடுக்குறோம். உடம்பு அரிக்குது, கருத்துட்டார். ரெண்டு வாரமா மிஷின்ல போட்டதும் குளிர் நடுக்கம் வருது, பாராசிட்டமால் குடுத்தா அடங்குது.

பதில்: கடைசி வரிய முதல் வரியா எழுதியிருக்கணும். டியூப் இருக்கறவருக்கு மிஷின் ஓட ஆரம்பிச்சதும் நடுக்கம் வந்தா, வேற காரணம் உறுதியாகற வரைக்கும் அத டியூப்ல கிருமின்னுதான் எடுத்துக்கணும். உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கறது ஒவ்வொரு தடவையும் ரத்தத்துல கலக்குது, அதான் சரியா அந்த நேரம் பாத்து நடுங்குறார். பாராசிட்டமால் காய்ச்சலத்தான் அமுக்கும், கிருமி அது பாட்டுக்கு இதய வால்வுலயோ முதுகெலும்புலயோ போய் உக்காந்துக்கும். அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. முதல்ல ப்ளட் கல்ச்சர் (ரத்தத்துல என்ன கிருமின்னு வளத்துப் பாக்கற டெஸ்ட்), அப்புறம்தான் ஆன்டிபயாடிக். வீட்ல மிச்சம் கிடக்குற மாத்திரைய நீங்களா போட்டு அனுப்பிடாதீங்க, கல்ச்சர்ல ஒண்ணும் வளராம நாங்க இருட்டுல தேடணும். டியூப எடுக்க வேண்டியும் வரலாம்.

அஞ்சு மாசம் ஆகியும் கைல ஃபிஸ்டுலா (டியூபுக்குப் பதிலா டயாலிசிஸ் ஊசி போட, கைல ரெண்டு ரத்தக்குழாய இணைக்கற சின்ன ஆபரேஷன்) போடலன்னா ஏன்னு கேளுங்க. போட்டாலும் நரம்பு ஊசி போடற பக்குவத்துக்கு வர ரெண்டு மூணு மாசம் ஆகும், அந்தக் கைல ரத்தம் எடுக்கவோ பிபி பாக்கவோ விடாதீங்க.

பொடிய நிறுத்துங்க. டயாலிசிஸ்ல இருக்கறவருக்கு கிரியேட்டினின் 7ங்கறது ஒரு விஷயமே இல்ல, நாங்க பயப்படறது பொட்டாசியத்துக்கு, அந்தப் பொடில அது எவ்வளவு இருக்குன்னு வித்தவனுக்கே தெரியாது. அரிப்புக்கு பாஸ்பரஸ் பாக்கச் சொல்லுங்க. கருத்தது கருத்ததுதான், விடுங்க.

இப்ப உங்க பயம். கிருமி முழுசா போகாம டிரான்ஸ்ப்ளான்ட் பேச்சே கிடையாது. போனப்புறம், 68ங்கற நம்பர் மட்டும் தடை இல்ல. என் ரூமுக்கு வர்றவர் நாற்காலில கை ஊணாம எந்திரிக்கிறாரான்னுதான் நான் முதல்ல பாப்பேன், அப்புறம் இதயம், கால் ரத்தக்குழாய், எங்கயாவது கேன்சர் ஒளிஞ்சிருக்கா, ஞாபகசக்தி. ஏன்னா முதல் சில மாசத்துக்கு டயாலிசிஸ்ல இருக்கறத விட ஆபரேஷன் பண்ணிக்கிட்டவருக்குத்தான் ஆபத்து அதிகம், அத தாண்டினப்புறம்தான் கணக்கு கிட்னி பக்கம் திரும்பும், அதுவரைக்கும் தாங்கற உடம்பு வேணும். எதிர்ப்பு சக்திய அடக்குற மாத்திரை, புது கிட்னி வேலை செய்யற காலம் முழுக்க ஒரு வேளை கூட விடக்கூடாது. இதயம் பலவீனமா இருந்தா டயாலிசிஸ்லயே தொடர்றதுதான் புத்திசாலித்தனம், அத தோல்வின்னு யாரும் நினைக்க வேண்டாம்.

அம்மா விஷயத்துல நீங்க நினைக்கிற அளவு இல்ல. கிட்னி குடுக்கறவங்க ஆபரேஷன்ல இறந்து போறது 10,000 பேர்ல சுமார் 3 பேர்தான். சுகர், பிபி, யூரின்ல புரோட்டீன் இதுல எதுலயாவது இடிச்சா நாங்களே வேண்டாம்னு திருப்பி அனுப்பிடுவோம். ஆனா அவங்கள தனியா உக்கார வச்சு ஒரு டாக்டர் பேசணும், நீங்களும் கூட இருக்கக்கூடாது. வீட்ல "தர்றேன்"னு நின்னவங்க கதவ சாத்தினதும் அழுததையும் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, இவ்வளவு எழுதியிருக்கீங்க, அப்பா என்ன சொல்றார்னு ஒரு வார்த்தை இல்ல. கிருமி அடங்கினப்புறம் அவர்கிட்டயே கேளுங்க. டயாலிசிஸ் முடிச்சு வந்த அன்னிக்கு கேக்காதீங்க, அன்னிக்கு எல்லாரும் "போதும்பா"ன்னுதான் சொல்லுவாங்க, மறுநாள் காலைல கேளுங்க.