மருத்துவர் பதில்: மூன்றாம் நாள் நின்ற நடுக்கம்

கேள்வி: ஐயா, எனக்கு 44 வயது. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். வேலை முடிந்ததும் தினம் இரண்டு டின் பியர், சனிக்கிழமை மட்டும் கூட்டாளிகளோடு அரை போத்தல் விஸ்கி. வாரத்துக்கு எவ்வளவு குடித்தால் அளவு, எதற்கு மேல் போனால் ஆபத்து? வலது விலாவில் அடிக்கடி சுருக்கென்று குத்துகிறது. நாக்கு வெள்ளையாக இருக்கிறது. கால் நகம் மஞ்சளாகிறது. ஈரல் கெட்டதற்கு இவையெல்லாம் அடையாளம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஈரலைச் சுத்தப்படுத்தும் கேப்சூலை இணையத்தில் வாங்கி மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். போன மாத ரத்தப் பரிசோதனையில் ஈரல் நார்மல் என்றுதான் வந்தது. சென்ற முறை தைப்பூச விரதம் தொடங்கிய மறுநாளே கை நடுக்கம், வேர்வை, தூக்கமே இல்லை. மூன்றாம் நாள் ஒரு டின் குடித்ததும் நின்றுவிட்டது. சாமி குத்தம் என்று வீட்டில் சொன்னார்கள். இந்த முறை 48 நாள் விரதத்தை முடித்து ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் காவடி எடுத்தே தீரவேண்டும். அப்பா சம்சு என்ற மலிவுச் சாராயம் குடிப்பவர். 52 வயதில் ரத்த வாந்தி எடுத்து இறந்தார்.

பதில்: சாமி குத்தம் இல்லை தம்பி. குடி நின்றதால் வந்த நடுக்கம் அது. உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த இடம் அதுதான். மற்றதற்கு ஒரு முறை படித்தாலே போதும்.

விரதம் இருக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் விடியற்காலையில் எழுந்து குளித்து, மாலையைப் போட்டுக்கொண்டு, ‘நேற்றோடு சரி’ என்று சென்ற முறை நிறுத்தினீர்களே, அதை மட்டும் மறுபடி செய்துவிடாதீர்கள். இத்தனை வருடமாகக் குடியை விடு, விடு என்று சொன்ன வாயால், உடனே நிறுத்தாதே என்று சொல்வது எனக்கே வினோதமாகத்தான் இருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

மது மூளைக்கு பிரேக் மாதிரி. ஒரு நாள் இரண்டு நாள் மிதித்தால் வண்டி மெதுவாகும், அவ்வளவுதான். வருடக்கணக்கில் தினமும் மிதித்துக்கொண்டே இருந்தால் மூளை சும்மா இருக்காது. ஓட்டம் குறையக்கூடாது என்று அதுவும் தன் பங்குக்கு ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே வரும். பார்க்கிறவர்களுக்கு வண்டி ஒழுங்காகத்தான் ஓடும். ஒரு நாள் விடியற்காலையில் பிரேக்கில் இருந்து மட்டும் காலை எடுத்தால் என்ன ஆகும்? குலை நிறைய ஏற்றிய லோரி தோட்டத்து மேட்டில் இருந்து எப்படி இறங்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுங்க ஆரம்பிக்கும். வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும், தூக்கம் அண்டாது. நீங்கள் பார்த்தது இவ்வளவுதான். சிலருக்கு இத்தோடு நிற்காது. 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அதற்கு முன் ஆயுளில் ஒரு முறைகூட வலிப்பு வராதவர்களுக்கும் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் புத்தி தடுமாறலாம்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், செத்துப்போன தாத்தா வாசலில் நிற்கிறார் என்பார்கள். உடம்பு அனலாய்க் கொதிக்கும். இப்படிப்பட்டவரை முதலில் பூசாரியிடம் கூட்டிப்போய், விபூதி போட்டுவிட்டு, பிறகு என்னிடம் கொண்டுவந்த குடும்பங்கள் உண்டு. பூசாரிமேல் எனக்குக் கோபம் இல்லை, போன நேரம்தான் போச்சு. வைத்தியம் இல்லாமல் விட்டால் இந்தக் கட்டத்தில் உயிரே போகும்.

ஒரு டின் குடித்ததும் நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, நோய் இன்னதென்று அதைவிடத் தெளிவாக எந்த டாக்டரும் சொல்ல முடியாது. மது இல்லாததால் வந்தது, மது வந்ததும் போனது. இன்னொன்று: நிறுத்தி, நடுங்கி, மறுபடி தொடங்கி, மறுபடி நிறுத்தும்போது அடுத்த முறை முன்னைவிடப் பலமாக வரும் வழக்கம் இதற்கு உண்டு. சென்ற முறை நடுக்கத்தோடு போயிற்று என்பதால் இந்த முறையும் அப்படியே போகும் என்று நம்பாதீர்கள். அதுவும் ஒருவேளைச் சோற்றோடு, வெயிலில், லோரி ஓட்டிக்கொண்டு.

இப்போது உங்கள் அளவுக் கணக்குக்கு வருகிறேன். டின்னையும் கிளாசையும் எண்ணினால் ஒன்றும் விளங்காது, உள்ளே இருக்கும் சுத்த மதுவைக் கிராமில் எண்ண வேண்டும். சாதாரண 320 மில்லி பியர், 5 விழுக்காடு என்றால், ஒரு டின்னில் 13 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். தினம் இரண்டு என்றால் 25 கிராம், ஆறு நாளுக்கு 150. விஸ்கி அரை போத்தல் 350 மில்லி, 40 விழுக்காடு, அது ஒன்றிலேயே 110 கிராம். மொத்தம் 260.

இந்தக் கணக்கு எனக்கு உதைக்கிறது. தினம் 25 கிராம் குடிக்கிறவருக்குச் சாதாரணமாக இப்படி நடுங்காது. ஒன்று, உங்கள் டின் பெரிய டின்: 500 மில்லி, 8 விழுக்காடு என்று விலை மலிவாக விற்கிறதே, அது. அதில் ஒரு டின்னே 32 கிராம். வாரக் கணக்கு 500 கிராமைத் தொட்டுவிடும். இல்லையென்றால் இரண்டு என்பது எனக்காக எழுதிய எண். வெட்கப்பட வேண்டாம். யார் எத்தனை சொன்னாலும் மனசுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்வது எங்கள் தொழிலில் பழக்கம்.

அளவு எவ்வளவு என்று கேட்டீர்கள். பிரிட்டனில் 2016 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எல்லைதான், வாரத்துக்கு 112 கிராம். ஆஸ்திரேலியாவில் 2020 முதல் 100 கிராம், அதிலும் ஒரே நாளில் 40-க்கு மேல் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், ஆபத்தே இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டது. புற்றுநோயை நினைத்தால் அதுதான் சரி. கேட்கிறவர்களுக்கு நான் 100 கிராம் என்று சொல்வேன். சின்ன டின்னில் எட்டு. அந்த எட்டையும் சனிக்கிழமைக்கென்று சேர்த்துவைத்து ஒரே மூச்சில் குடிப்பதற்கு அது கூட்டு கட்டும் சீட்டுப்பணம் இல்லை.

ஆனால் இந்த எல்லையெல்லாம் நிறுத்தினால் நடுங்காதவர்களுக்கு. நடுங்கியவருக்கு எட்டு டின், நாலு டின் என்று எண் சொல்வதில் பிரயோசனம் இல்லை. எண்ணிக்குடி என்று அனுப்பினால் ஒரு மாதத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்பார்கள். உங்களுக்கு நான் சொல்வது சுத்தமாக விடுவது. முறையாக, மருந்தோடு விடுவது.

சனிக்கிழமை அரை போத்தலுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. உடம்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 10 கிராமைத்தான் கரைக்கும். ராத்திரி எட்டு மணிக்குத் தொடங்கினால் மறுநாள் காலை ஏழு மணிக்கும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். கோப்பி, குளியல், எலுமிச்சைச் சாறு எதுவும் அதை வேகப்படுத்தாது. 2020 அக்டோபரில் இருந்து நம் மலேசியச் சட்டத்தில் எல்லை 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராமில் இருந்து 50-ஆக இறங்கிவிட்டது தெரியுமல்லவா? ஞாயிறு காலையில் லோரியை எடுக்கிற வழக்கம் இருந்தால் யோசியுங்கள்.

நாக்கு வெள்ளை: நன்றாகத் தேயுங்கள். நகம் மஞ்சள்: நாள் முழுக்க பூட்ஸ் போடுகிறவருக்குக் காளான் படை வருவது சகஜம். ஒரு நொடி சுருக்கென்று குத்தி மறைவது ஈரல் வலி இல்லை, வாயுவோ தசையோ. நாக்கைக் காட்டி ஈரலைச் சொல்லும் அந்த வீடியோக்காரருக்கு அடுத்த வீடியோவில் கேப்சூல் விற்கும் வேலை இருக்கும்.

அந்தக் கேப்சூலை இன்றே நிறுத்துங்கள். இதை மட்டும் திடீரென்று நிறுத்தலாம், ஒன்றும் ஆகாது. பெட்டியில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுச்சீட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே என்ன அடைத்திருக்கிறார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஈரலைச் சுத்தப்படுத்தப் போய் அந்த மருந்தாலேயே ஈரல் வீங்கி வந்தவர்களை வைத்தியம் பார்த்திருக்கிறேன். கீழாநெல்லியும் குடியால் கெட்ட ஈரலைத் தூக்கி நிறுத்தாது. தலைவலிக்குப் பனடோலை (பாராசிட்டமால்) அள்ளிப் போடும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், குடிக்கிற ஈரலுக்கு அது இரட்டை அடி. நடுக்கத்துக்கென்று யாரிடமாவது தூக்க மாத்திரை வாங்கிப் போடவே போடாதீர்கள். அதோடு மதுவும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகும்.

இனி, கடிதத்தின் கடைசி வரி. நீங்கள் கேட்க நினைத்த கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அப்பா மாதிரி நானும் போய்விடுவேனா?

ஈரல் சுருங்கி இறுகிப்போனால் அதன் வழியே போக வேண்டிய ரத்தம் வழி கிடைக்காமல் உணவுக்குழாயின் ரத்தக்குழாய்களில் தேங்கிப் புடைக்கும். அது வெடித்தால்தான் அந்த ரத்த வாந்தி. ஒரு ராத்திரியில் வருவதில்லை, பல வருடம் சேர்ந்து வருவது. அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்த காலம். அதை மூடச் சொல்லி 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தக் கோரிக்கையிலேயே எழுதினார்கள். கள்ளுக்குப் பிறகு சம்சு, மளிகைக்கடையில் சின்னப் போத்தலில். குடிக்கு அடிமையாகும் வாகு ஓரளவு ரத்தத்தில் வரும், உண்மைதான். 52 வயது என்பது ரத்தத்தில் வராது. உங்களுக்கு 44. கொழுப்பு படிந்த கட்டத்தில்தான் ஈரல் இருக்கிறது என்றால், குடியை விட்ட சில வாரங்களிலேயே அது பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கும். வேறெந்த உறுப்பும் இவ்வளவு பெருந்தன்மையாக மன்னிப்பதை நான் கண்டதில்லை.

எந்தக் கட்டம் என்பதை அந்த ‘நார்மல்’ காகிதம் சொல்லாது. பாதி ஈரல் இறுகிப்போனவருக்கும் அந்த எண்கள் ஒழுங்காக வருவதுண்டு. ஜிஜிடி (GGT) என்ற ஈரல் நொதி, சிவப்பணுக்களின் பருமன், பிளேட்லெட் எண்ணிக்கை, வயிற்று ஸ்கேன் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அலகு குத்தும் எண்ணம் இருந்தால் பிளேட்லெட் கட்டாயம். ஈரல் கெட்டவருக்கு அது குறைந்து ரத்தம் நிற்காமல் வழியும். கண் மஞ்சள், வயிறு உப்பல், தார் மாதிரிக் கறுத்த மலம், ரத்த வாந்தி: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

விரதத்துக்கு இரண்டு வாரம் முன்னால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். பதிவுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். கை நடுக்கத்தை முதல் வரியாகச் சொல்லுங்கள், நாக்கையும் நகத்தையும் சொல்லி டாக்டரின் நேரத்தை வீணாக்காதீர்கள். அதுவரை திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம், வெறும் வயிற்றில் குடிக்கவும் வேண்டாம். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே ஐந்து, ஏழு நாள் தருவார்கள். கூடவே வைட்டமின் பி1. குடிக்கிறவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், வற்றினால் நினைவும் நடையும் தடுமாறும். எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலோ, இல்லாததைப் பார்த்திருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். அப்போது வீட்டில் வைத்துப் பார்க்கமாட்டார்கள், ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். அந்த வாரம் லோரி கிடையாது, எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கேட்டு வாங்குங்கள். வீட்டில் யாராவது பக்கத்திலேயே இருக்கட்டும். வலிப்போ பிதற்றலோ வந்தால் பூசாரிக்கு முன்னால் 999-க்கு அழையுங்கள்.

மருந்து முடிந்து, தூக்கம் திரும்பிய பிறகு மாலை போடுங்கள். 48 நாள் நன்றாகவே போகும். 49-ஆம் நாள் கூட்டாளிகள் போத்தலோடு வருவார்கள், அதற்கு என்ன பதில் என்பதையும் அந்த டாக்டரிடம் இப்போதே பேசிவையுங்கள். ஆசையைக் குறைக்கும் மருந்துகளும் இருக்கின்றன.

போகும்போது அந்தக் கேப்சூல் பெட்டியையும், குடித்த காலி டின் ஒன்றையும், உங்கள் மனைவியையும் கூட்டிப்போங்கள். எத்தனை டின் என்ற கேள்வியை அவரிடம் கேட்கட்டும்.