கேப்டவுன் பயணக் கேள்வி பதில்: முதலில் காற்றைப் பாருங்கள்

கேள்வி: டிசம்பர் கடைசியில் அப்பா, அம்மாவோடு மூன்று நாள் கேப்டவுனில் இருப்போம். டேபிள் மலைக்கு எந்த நாள் ஒதுக்கலாம்?

பதில்: நாளை இப்போதே முடிவு செய்யாதீர்கள். காற்றில்லாத முதல் காலை எதுவோ, அதை மலைக்குக் கொடுங்கள். அங்கே அப்போது கோடை. தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும், வேகம் கூடினால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். உச்சியில் வெள்ளைத் துணி விரித்ததுபோல் மேகம் படிவதும் இந்தக் காற்றால்தான். கடல் ஈரம் சரிவில் ஏறிக் குளிர்ந்து மேகமாகி, நகரப் பக்கம் இறங்குகையில் சூடேறிக் கலைந்துவிடும். கீழிருந்து பார்க்க அழகு. மேலே நிற்பவருக்குப் பத்தடி தள்ளி எதுவும் தெரியாது.

கேள்வி: நான் மட்டும் நடந்து ஏறலாமா அண்ணா? இந்தியா வென்ஸ்டர் பாதை மேப்பில் குறுக்குவழிபோலத் தெரிகிறதே?

பதில்: அது வேண்டாம் தம்பி. கையும் காலும் ஊன்றிப் பாறை ஏற வேண்டிய வழி. தடம் மாறினால் செங்குத்துப் பாறையில் போய் நிற்பீர்கள்; மீட்புக் குழு அடிக்கடி போகிற இடம். புதியவர்களுக்கு பிளாட்டக்கிளிப் பள்ளத்தாக்குதான் சரி. கீழ்க் கேபிள் நிலையத்தைத் தாண்டிச் சாலையிலேயே ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் போனால் பாதை தொடங்கும். பிறகு கற்படிகள்தான், இரண்டு மூன்று மணி நேரம். தென் அரைக்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து விழும். இந்தச் சரிவு வடக்கு பார்த்தது, நிழல் குறைவு. ஆகவே விடிந்ததும் ஏறுங்கள். தண்ணீர் இரண்டு லிட்டர், காற்றுத் தாங்கும் மேல்சட்டை ஒன்று. திரும்ப கேபிள் காரை நம்பித் தண்ணீரைக் காலி செய்யாதீர்கள். காற்று எழுந்தால் இறங்குவதும் நடைதான். தனியாகப் போக வேண்டாம். ஆளில்லாத பாதைகளில் வழிப்பறி நடப்பதுண்டு, நான்கு பேராவது சேர்ந்து போங்கள்.

கேள்வி: கிர்ஸ்டன்பாஷ் தோட்டத்திலிருந்து ஏறும் ஸ்கெலிட்டன் பள்ளத்தாக்கு?

பதில்: நிழலான நல்ல வழி. ஏணிகளும் ஓடைப் பாறைகளும் ஈரத்தில் வழுக்கும், அதனால் ஏற மட்டும் அது. இறங்க நர்சரி ரவைன் பாதை. மழை பெய்திருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகளை எந்தக் கடற்கரையில் இறக்கலாம்?

பதில்: மூசன்பெர்க். கிளிஃப்டன், கேம்ப்ஸ் பே பக்கம் பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டத்தால் கோடையிலும் தண்ணீர் நடுக்கும். மூசன்பெர்க்கில் சுறாக் கண்காணிப்புக் கொடியைக் கவனியுங்கள்: பச்சை என்றால் கடல் தெளிவாகத் தெரிகிறது, கறுப்பு என்றால் தெரியவில்லை, சிவப்பு என்றால் சுறா எச்சரிக்கை. வெள்ளைக் கொடியும் சங்கொலியும் வந்தால் உடனே கரையேறுங்கள்.

கேள்வி: புத்தாண்டு ஊர்வலம் எப்போது?

பதில்: காப்சே குளோப்ஸே எனும் அந்த ஊர்வலத்துக்கு மரபான நாள் ஜனவரி 2, சில ஆண்டுகளில் சற்றுத் தள்ளி வைப்பார்கள், தேதியைச் சரிபாருங்கள். அடிமைகளுக்குப் புத்தாண்டுக்கு மறுநாள் கிடைத்த ஓய்விலிருந்து வளர்ந்த விழா இது. அதைப் பார்க்குமுன் 1679இல் கட்டிய அடிமை விடுதி அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையிலிருந்தும் மனிதர்களை அடிமைகளாகக் கேப்டவுனுக்குக் கப்பலேற்றினார்கள். தமிழர் நாம் தவிர்க்கக் கூடாத இடம். அங்கிருந்து போ-காப் என்ற பழைய முஸ்லிம் குடியிருப்பு நடைதூரம். 1794ஆம் ஆண்டின் அவ்வல் பள்ளிவாசல் அங்கே உண்டு. மக்கள் குடியிருக்கும் தெரு அது, வாசற்படியில் ஏறிப் படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: மண்டேலா சிறையிருந்த ராபன் தீவு?

பதில்: மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும், ஆகவே கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.