டவராவில் ஊற்றினால் பால் குறைஞ்சிடுச்சுன்னு அழும் பையன்
மன்னார்குடி சகோதரிக்கு,

தன்னோட அக்கா டம்ளர்ல குடிக்க, தனக்கு ஆத்திக் கொடுத்த டவராப் பால் கம்மின்னு உங்க அஞ்சு வயசுப் பையன் அழறது பிடிவாதம் இல்லீங்க. குழந்தைங்க யோசிக்கும் விதத்தை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜே சொன்ன 2–7 வயதுக் கட்டத்தில் பிள்ளைங்க பெரும்பாலும் உயரத்தை மட்டும்தான் பார்க்கும், அகலத்தைச் சேர்த்துப் பார்க்க வராது.

சோதிச்சுப் பாருங்க. ஒரே மாதிரி ரெண்டு டம்ளரில் 100 மில்லி ஊற்றி, சமம்னு அவனே சொன்ன பிறகு ஒன்றை அவன் கண்ணெதிரே டவராவில் ஊற்றுங்க. "எதுல அதிகம்?"னு மட்டும் கேட்டா ஏதோ ஒண்ணைக் காட்டிடுவான்; "இல்ல, ரெண்டும் ஒண்ணுதானா?"ன்னும் சேர்த்துக் கேக்கணும். தப்பாச் சொன்னா விளக்கி மல்லுக்கட்டாதீங்க, இப்ப ஏறாது. 7 வயசை ஒட்டித் தானா பிடிபடும். நெல்லு அளக்குற படியும் உழக்கும் கொடுத்து விளையாட விடுங்க. அதுவரை ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி டம்ளர்தான்.