ஈரத்தை மேலே வைக்கட்டும்

கேள்வி: ஈரோட்டில் முஸ்லிம்கள் நடத்தும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு அறிவியலும், வாரம் ஒரு பாடவேளை தீனியாத் என்னும் இஸ்லாமிய மார்க்கப் பாடமும் நடத்துகிறேன். பிள்ளைகள் ஹதீஸ்களை, அதாவது நபிமொழிகளை, பிசகில்லாமல் ஒப்பிக்கிறார்கள். தேர்வு வந்தால் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுகிறார்கள். ஒழுக்கத்துக்கும் மதிப்பெண் போடச் சொல்கிறது நிர்வாகம். போடலாமா?
– ஆசிரியை, ஈரோடு

பதில்: வேண்டாம், சகோதரி. போட்டால், உங்கள் கண்ணெதிரே மட்டும் நல்லவர்களாக இருக்கப் பழகிக்கொள்வார்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த ஹதீஸ் 'ஸஹீஹ் முஸ்லிம்' என்னும் தொகுப்பில் இருக்கிறது. உங்கள் மாணவர்களுக்கு அதன் கடைசி வரி, மோசடி செய்பவர் என்னைச் சார்ந்தவர் அல்லர் என்பது, மனப்பாடமாக இருக்கும். நீங்கள் நடுப்பகுதியில் நிறுத்துங்கள். விரல்களில் ஈரம் படுகிறது. மழையில் நனைந்துவிட்டது என்கிறார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்கிறார் நபி. நனைந்தது குற்றமில்லை, விற்பதையும் அவர் தடுக்கவில்லை.

மஞ்சள் மண்டிக்குப் போய்வரும் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நிச்சயம் இருப்பார்கள். ஈரமிருந்தால் மஞ்சளுக்கு விலை குறையும் என்று அவர்களுக்குத் தெரியும். காயாத மஞ்சளை மேலே வைத்தால் வரும் நஷ்டம் யாருக்கு என்று கேளுங்கள். "அப்படி விற்றால் எங்கள் அப்பா கடையை மூட வேண்டியதுதான்" என்று ஒருவன் சொல்வான். அவனை அதட்டாதீர்கள், ஹதீஸைக் காதில் வாங்கியவன் அவன்தான். மணி அடிக்கும்வரை வாதாடட்டும்.

பிறகு தேர்வுக்கு வாருங்கள். விடை தெரியாததும் மழையில் நனைந்தது போலத்தான். தெரியவில்லை என்று வெற்றிடம் விட்டவனுக்கு உங்கள் பள்ளியில் என்ன கிடைக்கிறது? திட்டும், பெற்றோருக்கு அழைப்பும் என்றால் அவன் மறைக்கத்தான் செய்வான். உங்கள் அறிவியல் பாடத்தையே பாருங்கள். குவிலென்சின் குவியத் தொலைவைக் கண்டுபிடிக்கும் செய்முறையில் தனக்குக் கிடைத்த அளவை எழுதாமல், கெட்டிக்கார மாணவனின் பதிவேட்டிலிருந்து 'சரியான' அளவை எடுத்து எழுதுவது எல்லாப் பள்ளிகளிலும் நடக்கிற காரியம். நாமும் டிக் போட்டு அனுப்புகிறோம். கிடைத்ததையே எழுது, ஏன் மாறியது என்று சேர்த்து எழுது என்று சொல்லி, அதற்கு முழு மதிப்பெண் கொடுங்கள். ஒழுக்க வகுப்பைவிட இது பலன் தரும் என்பது என் எண்ணம்.

அடுத்த வாரம் குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்தை எடுங்கள். தமக்கு வாங்கும்போது நிறைய அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டித்து அது தொடங்குகிறது. வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாக வரும் ஆசிரியர்களையும் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். கோபப்படாதீர்கள். முடிந்தால் நிர்வாகியையும் அன்று பின்பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள்.