5 பேராக இருந்த கம்பனி 18 பேரானதும் ஏன் வேறொன்றாகிவிடுகிறது?

கேட்கப்பட்டது இது: யாழ்ப்பாணத்தில் 5 பேருடன் தொடங்கிய மென்பொருள் கம்பனியில் இப்போது 18 பேர். முன்பு எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. இப்போது வேலை பிந்துவது கடைசி நாளில்தான் தெரிகிறது. நல்ல ஆட்கள் இரண்டு பேர் காரணம் சொல்லாமலே விலகிவிட்டார்கள். வேலைக் கலாசாரத்தை எப்படிச் சரிசெய்வது?

சுவரில் ஒட்டும் விழுமியங்களில் தொடங்காதீர்கள். ஒரு கம்பனியின் கலாசாரத்தை அறிய ஒன்றைப் பார்த்தால் போதும். கெட்ட செய்தி, அதை முதலில் அறிந்தவரிடமிருந்து முடிவெடுப்பவரிடம் வந்துசேர எத்தனை நாள் எடுக்கிறது? ஆட்சேர்ப்பு, சம்பளம், லீவு, கூட்டம் எல்லாமே அந்த நாட்களைக் கூட்டுகின்றன அல்லது குறைக்கின்றன.

இதை அளக்கலாம். கடைசியாகப் பிந்திய 3 வேலைகளை எடுத்து, தாளில் மூன்று நிரல் போடுங்கள்: இது பிந்தும் என்று முதலில் ஒருவருக்குத் தெரிந்த திகதி, அணித்தலைவருக்குத் தெரிந்த திகதி, உங்களுக்குத் தெரிந்த திகதி. வட்ஸ்அப் செய்திகளிலும் கோட் சேர்த்த பதிவுகளிலும் இந்தத் திகதிகள் கிடைக்கும். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஒன்றிரண்டு நாள்தான் என்றால் குறை திட்டமிடலில். ஒரு கிழமைக்கு மேல் என்றால் ஆட்கள் பயத்திலோ மரியாதையிலோ பேசாமல் இருந்திருக்கிறார்கள். தாமதம் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். முதல் இரண்டு நிரல்களுக்கு இடையில் விழுந்தால் அணித்தலைவரிடம் சொல்ல ஆட்கள் தயங்குகிறார்கள். கடைசி இரண்டுக்கும் இடையில் விழுந்தால் அணித்தலைவர் உங்களிடம் சொல்லத் தயங்குகிறார். அப்படியானால் திருத்தம் உங்களிடம் தொடங்க வேண்டும்.

5 பேரில் இருவர் இருவராகப் பேசும் வழிகள் 10. 12 பேரில் 66, 18 பேரில் 153. 5 பேர் ஒரே அறையில் இருந்தபோது எவருக்காவது வேலை இறுகினால் முகத்திலேயே தெரிந்தது, தேத்தண்ணி குடிக்கும் நேரத்திலேயே தீர்ந்தது. யாரும் எதையும் எழுதவோ அறிவிக்கவோ தேவைப்படவில்லை. அந்தப் பழக்கம் கெட்டுப்போகவில்லை. அது தாங்கக்கூடிய அளவைத் தாண்டிவிட்டீர்கள்.

இங்கே இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, "ஓம்" என்ற சொல். நிறுவனர் அநேகமாக அண்ணை அல்லது சேர். பதில் சொல்பவர் அதே பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்புக் கீழே படித்தவர், அல்லது கம்பஸில் ஜூனியர். "வெள்ளிக்கிழமைக்கு முடிச்சிடுவியா தம்பி?" என்றால் "ஓம் அண்ணை, பாக்கிறன்" என்று பதில் வரும். அந்த "ஓம்" நீங்கள் சொன்னது கேட்டது என்பதற்கு. "பாக்கிறன்" என்பது பல நேரம் ஏலாது என்பதற்கு. ஊருக்குள் இது யாரையும் குழப்புவதில்லை. கலியாண வீட்டுக்கு "பாப்பம்" என்றவரை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அலுவலகத்தில்தான் அதை வாக்குறுதியாக எடுத்து லண்டனில் இருக்கும் வாடிக்கையாளருக்குத் திகதியாக எழுதி அனுப்பிவிடுகிறோம்.

மரியாதையைக் கைவிடத் தேவையில்லை. அண்ணை அண்ணையாகவே இருக்கட்டும், கேள்வியை மாற்றுங்கள். "முடியுமா?" வேண்டாம். "எது முதலில தடக்கும்?", "எந்த நாள் எண்டால் நிச்சயமாச் சொல்லுவீர்?" என்று கேளுங்கள். இவற்றுக்கு "ஓம்" பதிலாக வர முடியாது. ஒரு வேலைக்கு எத்தனை நாள் என்று மதிப்பிடும்போது எல்லாரும் முதலில் தாளில் எழுதி ஒரே நேரத்தில் காட்டட்டும். வாயால் சொல்ல விட்டால், மூத்தவர் 3 நாள் என்றதும் மற்றவர்களும் 3 நாள் என்பார்கள். தாள்களில் 2, 3, 8 என்று வந்தால் 8 எழுதியவரை முதலில் பேச விடுங்கள். மற்றவர்கள் காணாத ஏதோ ஒன்றை அவர் கண்டிருக்கக்கூடும். எந்தக் கூட்டத்திலும் இளையவர் முதலில், நிறுவனர் கடைசியில்.

இதைவிட முக்கியமானது, கெட்ட செய்தி வந்ததும் உங்கள் வாயில் வரும் முதல் வசனம். "ஏன் முதலே சொல்லேல்லை?" என்றால், அங்கே நிற்கும் மற்றவர்களும் சேர்ந்து படிப்பது ஒன்றுதான்: சொன்னால் ஏச்சு. "சொன்னது நல்லது, இப்ப என்ன செய்யவேணும்?" என்பதைப் பழக்கமாக்குங்கள். "ஏன்" என்ற கேள்விக்கு வேறு நேரம் வையுங்கள்: 3 வேலை நாட்களுக்குள், 45 நிமிடம், ஒரு பக்கக் குறிப்பு. அதில் என்ன நடந்தது என்பது மணிவாரியாக வரவேண்டும், அதை நடக்க விட்டது எது என்பதும் வரவேண்டும். "கவலையீனம்" என்பதைக் காரணமாக ஏற்காதீர்கள். தவறான கோப்பு சேர்வரில் ஏறியது என்றால், இரவில் ஒருவர் தனியாக ஏற்ற விட்டது யார் வகுத்த முறை? இரண்டாவது ஆள் பார்க்கும் படி இருந்ததா? காப்புப் பிரதியை மீட்டெடுத்துப் பார்த்தது கடைசியாக எப்போது? இப்படித் தேடினால் திருத்தக்கூடிய ஒன்று அகப்படும். முடிவில் இரண்டு திருத்தங்களுக்கு மேல் எழுத வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு திகதி. எட்டு எழுதினால் ஒன்றும் நடக்காது.

வெளிப்படையாகப் பேசச் சொல்வதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஊபர் கம்பனியின் பழைய 14 விழுமியங்களில் ஒன்று, பதவி பாராமல் எவர் காலையும் மிதித்தாவது கருத்தைச் சொல் என்ற பொருளில் இருந்தது. 2017 நவம்பரில் புதிய தலைமை நிர்வாகி அதை நீக்கினார். நல்ல நோக்கத்தில் வந்த விதி முரட்டுத்தனத்துக்குச் சாக்காகிவிட்டது என்பதே அவர் எழுதிய காரணம். ஆகவே "இனி எல்லாரும் முகத்துக்கு நேரே பேசுங்கோ" என்று அறிவிக்காதீர்கள். அடக்கமாகப் பேசுபவரிடமிருந்தும் உண்மை வரக்கூடிய ஒழுங்குகளைச் செய்யுங்கள்.

இன்னொரு தவறு, 18 பேரானதும் பயந்து பெரிய கம்பனி ஒன்றின் 40 பக்கக் கைந்நூலைக் கொண்டுவந்து இறக்குவது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பாரன், மைக்கேல் ஹனன் ஆகியோர் 1994 முதல் சிலிக்கன் பள்ளத்தாக்கில் 200க்குக் கிட்டிய தொடக்க நிறுவனங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஆட்களை எப்படி எடுப்பது, எப்படிக் கட்டிவைப்பது என்று நிறுவனர் தொடக்கத்தில் மனதில் வைத்திருந்த திட்டம் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. பாசத்தாலும் பற்றாலும் ஆட்களைப் பிணைத்த நிறுவனங்கள் தோற்றுப்போவது குறைவாக இருந்தது. திட்டத்தை இடையில் மாற்றிய இடங்களில் ஆட்கள் விலகுவதும் தோல்வியும் கூடின. நம்மூர்க் கம்பனிகள் பலவும் அந்தப் பற்று முறையில்தான் பிறக்கின்றன. அது பலம், அதைக் கழற்றி எறிய வேண்டாம். புதிய ஒழுங்குகளை மாதத்துக்கு ஒன்றாக, ஏன் என்று சொல்லிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பற்று முறை சறுக்குவது ஆட்சேர்ப்பில். தெரிந்தவர் மூலம் ஆள் எடுப்பது தவறல்ல, ஆனால் பரிந்துரைத்தவர் நேர்முகத்தில் இருக்கக்கூடாது. எல்லாருக்கும் ஒரே 2 மணி நேரச் செய்முறை வேலை கொடுங்கள். பார்க்கும் இருவரும் தங்களுக்குள் பேசுமுன் புள்ளியை எழுதிவிட வேண்டும். உறவினர் ஒருவருக்கு இன்னொரு உறவினர் மேலாளாக இருக்கவே கூடாது. அலுவலகத்தில் சொல்லும் ஒரு கண்டிப்பு அன்று மாலையே இரண்டு வீட்டு விறாந்தையில் பேசப்படும் என்றால், அந்தக் கண்டிப்பை யாரும் சொல்லப்போவதில்லை. ஆங்கிலம் பற்றியும் ஒன்று. நேர்முகம் முழுவதையும் ஆங்கிலத்தில் நடத்தினால் நீங்கள் தெரிவுசெய்வது சரளத்தை, திறமையை அல்ல. தொழில்நுட்பத்தைத் தமிழில் விளக்க விடுங்கள். வாடிக்கையாளருக்கு எழுதும் ஆங்கிலத்தை ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லித் தனியாகப் பாருங்கள்.

15 பேரைத் தாண்டியது சட்டத்திலும் ஒரு படி. ஊழியர் சேமலாப நிதி முதல் ஆளிலிருந்தே உண்டு: ஊழியர் 8 வீதம், நீங்கள் 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம். 15 பேர் என்றதும் பணிக்கொடைச் சட்டம் சேர்கிறது. 5 ஆண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும் சேர்கிறது. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். அதனால் தகுதிகாண் காலத்தின் நடுவில் ஒரு முறை உட்கார்ந்து, எது சரி, எது போதாது என்று எழுத்தில் கொடுங்கள். நிறுவனர்களும் ஊழியருக்குக் கெட்ட செய்தியைப் பிந்தித்தான் சொல்கிறார்கள். சம்பள உயர்வு கேட்டவருக்கு "பாப்பம்" என்ற பதில் போனால் அவர் அன்றே வேறு இடம் தேடத் தொடங்குவார். மீளாய்வுக்கு ஆண்டில் ஒரு திகதியைக் குறியுங்கள். நான்கு தரம், ஒவ்வொன்றுக்கும் சம்பள எல்லை, அதை எல்லாரும் அறியட்டும். சின்ன ஊர், யாருக்கு எவ்வளவு என்பது எப்படியும் தெரிந்துவிடும். இரகசியமாகப் பேசிக் கூட்டிக்கொடுத்தால் ஒருவர் மகிழ்வார், மூவர் மனம் விடுவார்கள்.

அணித்தலைவரைத் தெரிவுசெய்யும்போது மிகத் திறமாகக் கோட் எழுதுபவரை மட்டும் பார்க்க வேண்டாம். யாரிடம் இளையவர்கள் தாங்களாகவே போய்ச் சந்தேகம் கேட்கிறார்கள் என்று இரண்டு கிழமை கவனியுங்கள். ஒருவரின் கீழ் 6 பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரோடும் கிழமைக்கு 30 நிமிடம் தனியாகப் பேசட்டும்.

நேரமும் கலாசாரம்தான். ரொறன்ரோவின் காலை 10 மணிக் கூட்டம் இங்கே கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. முடிவுகள் அந்த அழைப்பில் எடுக்கப்பட்டால், பருத்தித்துறைக்குப் பஸ் பிடிக்க வெளிக்கிட்ட பெண் பொறியாளருக்கு அந்த முடிவில் குரல் இல்லை. இரண்டு வருடத்தில் பொறுப்பான இடங்களில் பெண்களே இல்லாமல் போவதற்கு இது ஒன்றே போதும். அந்த அழைப்பைக் கேள்வி, விளக்கம் ஆகியவற்றுக்கு மட்டும் வையுங்கள். முடிவு மறுநாள் காலை 9.30க்கு, எல்லாரும் இருக்கையில். என்ன முடிவு, யார் எடுத்தது, ஏன் என்ற மூன்று வரியைப் பொது ஆவணத்தில் எழுதுங்கள். வட்ஸ்அப்பில் எடுத்த முடிவைப் புதிதாக வந்தவர் ஒருநாளும் கண்டுபிடிக்க மாட்டார். இரவு அழைப்பில் இருந்தவருக்கு அந்த மணித்தியாலங்களை ஈடுசெய்யுங்கள். லீவும் அப்படித்தான். நல்லூர்த் திருவிழா 25 நாள், மடு மாதாவின் ஆவணித் திருவிழா ஆகஸ்ட் 15ஆம் திகதி. தேர், தீர்த்தம், மடு ஆகிய நாட்களைச் சுற்றி எதையும் வெளியிடுவதில்லை என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டால், ஆகஸ்டில் யாரும் பொய்க் காய்ச்சல் சொல்லத் தேவையில்லை.

விலகிய அந்த இரண்டு பேர்: கடைசி நாளில் கேட்டால் "வீட்டுப் பிரச்சினை" என்பார்கள், ஏனென்றால் அனுபவக் கடிதமும் நல்ல பெயரும் உங்களிடம் இருக்கின்றன. கடிதத்தை முதலில் கொடுத்துவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து, அவர்களுக்கு மேலாளாக இருக்காத ஒருவர் பேசட்டும். கேட்கவேண்டியது "ஏன் போனீர்?" அல்ல. "வேற வேலை தேட முதல் முதலா நினைச்சது எந்தக் கிழமை, அந்தக் கிழமை இங்க என்ன நடந்தது?" என்று கேட்கட்டும். கிடைக்கும் திகதியை உங்கள் மூன்று நிரல் தாளில் நாலாவது நிரலாக எழுதுங்கள்.