டர்பன் பாறையில் பனியாறு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அக்கா, டர்பனில் சாலைக்காக வெட்டிய மேட்டில் நீலச்சாம்பல் பாறை தெரிகிறது. உள்ளே பல நிறக் கற்கள். பழைய கான்கிரீட்டா? (சாட்ஸ்வர்த்)

இல்லை தம்பி, இயற்கைப் பாறைதான். பனியாறு, அதாவது மெதுவாக நகரும் பெரும் பனிக்கட்டி, விட்டுப்போன படிவு இறுகியது. ட்வைக்கா டில்லைட் என்பார்கள், வயது சுமார் 30 கோடி ஆண்டுகள். ஆறு கொண்டுவந்த கல் என்றால் பெரிசு ஒருபக்கம், சிறிசு ஒருபக்கம் எனப் பிரிந்து படியும். பனியாறு அப்படிப் பிரிக்காது. உருகும்போது மாவு போன்ற தூள், சரளை, பெரும்பாறை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிடும். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் நின்று பாருங்கள்.

இந்த வெயிலூரில் பனியாறா? (பீனிக்ஸ், டர்பன்)

அப்போது இந்த நிலம் தென் துருவத்துக்குப் பக்கத்தில், கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தில் இருந்தது. நம் முன்னோரின் இந்தியாவும் இதோடு ஒட்டியிருந்தது. ஒடிசாவின் தால்சேரிலும் ஏறக்குறைய அதே காலத்துப் பனியாற்றுப் படிவுகள் உண்டு. இத்தகைய ஒற்றுமைகளை அடுக்கித்தான் தென்னாப்பிரிக்க நிலவியலாளர் அலெக்சாண்டர் டு டாய்ட் 1937இல் கண்டங்கள் நகர்ந்தன என்று வாதாடினார். பலர் ஏற்கவில்லை. அவர் சொன்னதுதான் சரியாயிற்று.

பனிக்கட்டி எப்படிக் கல்லை அறுக்கும்?

வெறும் பனிக்கட்டி அறுக்காது. அடியில் உறைந்து சிக்கிய கற்கள்தான் உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

டிராகன்ஸ்பர்க் மலையையும் பனிதான் செதுக்கியதா?

இல்லை. அதன் உச்சி சுமார் 18 கோடி ஆண்டு பழைய எரிமலைக் குழம்பு. பெரும்பாலும் மழையும் ஆறுகளும் அரித்த வடிவம்.

அவ்வளவு பனி ஏறினால் பூமியின் உள்ளே ஏதாவது ஆகுமா ஐயா? மேலோட்டுக்கு அடியில் உள்ள கவசம் என்ற அடுக்கு முழுக்க நெருப்புக் குழம்புதானே?

நான் அக்காதான், பரவாயில்லை. குழம்பு அல்ல. மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை கவசம் பெரும்பாலும் திடப் பாறையே. ஆனால் அந்தச் சூட்டில் மிக மெதுவாக நகரும். கண்டங்கள் இடம்பெயர முடிவதும் அதனால்தான். அதற்கும் கீழே திரவ இரும்புக் கரு, நடுவே திட உட்கரு. உட்கரு இருப்பதை 1936இல் நிலநடுக்க அலைகளை வைத்துக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் (Inge Lehmann). பனி கனத்தால் மேலோடு அமிழும், கவசப் பாறை பக்கவாட்டில் ஒதுங்கும். பனி போனதும் திரும்பி வரும். சுவீடனின் பனித்தகடு உருகிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகியும் அதன் வடகிழக்குக் கடற்கரை இன்னும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயர்கிறது.

பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல இடம்?

கிம்பர்லிக்குப் பக்கத்தில் நூயிட்கெடாக்ட். பனியாறு இழுத்த கோடுகள் பாறைமேல் தெளிவாகத் தெரியும். அதே பாறையில் பழங்குடி மக்கள் செதுக்கிய உருவங்களும் உண்டு. தயவுசெய்து அவற்றை மிதிக்கவோ கீறவோ விடாதீர்கள்.