டெகாவின் தொட்டி: கண் எங்கே நிற்கிறது?

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகா 1886ல் வரைந்த ‘தொட்டி’ படத்தை அந்தரங்கத்தின் உச்சம் என்கிறார்கள். ஆனால் தன் குளியல் படங்களைப் பற்றி, சாவித் துவாரம் வழியே பார்ப்பதுபோல என்று அவரே சொல்லியிருக்கிறாராமே. குளிக்கும் பெண்ணை ஒளிந்து பார்ப்பதைத்தானே நாமும் ரசிக்கிறோம்?

கா.

அன்புள்ள கா.,

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சை நம்புமுன் படத்தில் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சாவித் துவாரம் இடுப்பு உயரத்தில் இருக்கும். அங்கே குனிந்து பார்த்தால் தரையில் கிடக்கும் தட்டைத் தொட்டியின் வாய் ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரியும். இங்கே அது அகலமாக விரிந்து கிடக்கிறது. வலப்பக்கம் ஜாடிகளும் பிரஷும் சவுரியும் வைத்திருக்கும் பலகையின் மேற்பரப்பு, சுவரில் ஒட்டிய பட்டைபோல நிமிர்ந்து நிற்கிறது. பார்ப்பவரின் கண் அதற்கும் மேலே இருந்தால்தான் இப்படித் தெரியும். ஆக, நாம் அறைக்குள்ளேயே, அவளுக்கு மிக அருகில் நின்றுகொண்டிருக்கிறோம்.

அது ஓவியர் நிற்கும் இடம். டெகாவின் ஸ்டூடியோவிலேயே தொட்டிகள் இருந்தன; கூலி வாங்கும் மாடல்கள் அவற்றில் இறங்கிப் போஸ் கொடுத்தார்கள். ஒரு கையைத் தொட்டியில் ஊன்றி, மறு கையால் பிடரியைத் தேய்த்தபடி குந்தியிருப்பது இயல்பான கணம் மாதிரித் தெரியலாம். உண்மையில் முதுகும் தோளும் கடுக்கிற வேலை. ஒளிந்து பார்த்த மாதிரி என்பது அவர் திட்டமிட்டுக் கட்டிய பாவனை.

எதற்கு இந்தப் பாவனை? பாரிஸின் அரசுக் கலைக் கண்காட்சியான சலோனில் 1863ல் ஓவியர் கபனேல் காட்டிய ‘வீனஸின் பிறப்பு’ படத்தைப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வாங்கினார். அதில் வீனஸ் கண்ணைப் பாதி மூடி, உடல் முழுவதையும் நம் பக்கம் திருப்பிப் படுத்திருக்கிறாள். அதுவரை வந்த நிர்வாணங்கள் எல்லாம் பார்வையாளன் இருப்பதாக வைத்துக்கொண்டு வரையப்பட்டவை என்பதே டெகாவின் குறை. அவருடைய பெண்ணுக்குத் தன் கழுத்தைக் கழுவுவதைத் தவிர வேறு கவலையில்லை. முகம் சரியாகத் தெரியாததால் அவமதிக்கிறார் என்றார்கள். ‘தொட்டி’ காட்டப்பட்ட 1886 கண்காட்சியின் குளியல் படங்களில் எழுத்தாளரும் விமர்சகருமான யூய்ஸ்மான்ஸ் வெறுப்பைத்தான் கண்டார். எனக்கு அந்த வாசிப்பு ஒட்டவில்லை. பாஸ்டல் எனும் வண்ணக்குச்சியின் கோடுகள் முதுகின் வளைவோடு சேர்ந்தே ஓடுகின்றன, வெறுப்புக்கு அவ்வளவு பொறுமை வராது.

ஆனால் உங்கள் சங்கடம் அதனால் தீர்ந்துவிடாது. 1870களில் அவர் செய்த விலைமகளிர் விடுதி மோனோடைப்புகள் (தகட்டில் வரைந்து ஓரிரு பிரதி மட்டும் எடுக்கும் அச்சுப்படங்கள்) சிலவற்றில், கறுப்புக் கோட்டுப் போட்ட வாடிக்கையாளர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ‘தொட்டி’யில் அந்த ஆள் இல்லை. அவர் இடம் நமக்குத்தான் வந்திருக்கிறது, அதுவும் கூச்சமில்லாமல் நிற்கும்படி.

உங்கள் கேள்வியை அப்படியே டெகாவின் ‘உள்ளறை’ படத்திடம் கேட்டுப் பாருங்கள். 1868-69ல் வரைந்தது, பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதவில் சாய்ந்து, பாக்கெட்டில் கைவிட்டு ஒரு ஆண். அவனுக்கு முதுகு காட்டி, உள்ளாடை தோளிலிருந்து நழுவ ஒரு பெண். நடுவே விளக்கும் திறந்த தையல் பெட்டியும், தரையில் கார்செட் என்ற இடுப்பை இறுக்கும் உள்ளுடையும். அங்கே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டாவது ஆள் நாம்.